ஏரிக்கு மேலே ஒரு யார்டு: இரும்புத் தாது கப்பலேறிய கதை

சுரங்கத்தில் இரும்புத் தாதுவைத் தோண்டுகிறார்கள். ரயிலில் ஏற்றுகிறார்கள். ஏரிக்கரைக்குக் கொண்டுபோய்க் கப்பலில் கொட்டுகிறார்கள். கப்பல் உருக்காலை இருக்கும் ஊருக்குப் போகிறது. இவ்வளவுதானே? அப்படியிருக்க, சுரங்கத்துக்கும் கப்பலுக்கும் நடுவே, கரையிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் தள்ளி, ஒரு மேட்டின்மேல், தண்டவாளம் தண்டவாளமாகப் பிரிந்து கிடக்கும் ஒரு யார்டு எதற்கு? வந்த ரயில் நேரே துறைக்கு இறங்கிவிட வேண்டியதுதானே?

நியாயமான கேள்வி. தாது யார்டு என்று கேட்டதும் வேகன்களை நிறுத்தி வைக்கும் ஒரு பெரிய கொட்டகை வாசல்தான் மனத்தில் வரும். நிறுத்தி வைப்பது அதன் வேலைகளில் சின்ன வேலை. பெரிய வேலை, பிரிப்பதும் கலப்பதும். சமையலறையில் சாமான் எடுத்துக் கொடுக்கிறவருக்கும் சமைக்கிறவருக்கும் உள்ள வேறுபாடு தெரியுமல்லவா? யார்டு இரண்டாவது ஆள். அதை விளங்கிக்கொள்ள ஒரே ஒரு யார்டை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், சுப்பீரியர் ஏரியின் மேற்கு முனையில் டுலூத் என்றொரு துறைமுக நகரம் இருக்கிறது. அதற்கு மேலே குன்றின் உச்சியில் இருக்கும் சிற்றூர் ப்ராக்டர். அங்கே இருக்கும் யார்டுதான் நம் கதை.

முதலில் அந்த ஊரின் பெயரைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1871 ஜனவரி 27 அன்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையில் கென்டக்கி மாநில உறுப்பினர் ஒருவர் எழுந்தார். ரயில்வே கம்பெனிக்கு அரசு நிலம் கொடுக்கும் மசோதா ஒன்றை எதிர்த்துப் பேச வந்தவர், டுலூத் என்ற ஊரைப் பிடித்துக்கொண்டு அவை முழுவதும் சிரித்து உருளும்படி கிண்டல் செய்தார். இப்படி ஓர் ஊர் எங்கே இருக்கிறதென்று வரைபடத்தில் தேடித் தேடிக் களைத்தேன் என்ற தோரணையில் போனது அந்தப் பேச்சு. அவர் பெயர் ஜே. ப்ராக்டர் நாட். இருபத்துச் சொச்சம் ஆண்டுகள் கழித்து டுலூத்துக்கு மேலே ரயில்வே ஊர் ஒன்று முளைத்தபோது, அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள்: ப்ராக்டர்நாட். 1894இல் அது ஊராட்சியானது. பிறகு வால் அறுந்து வெறும் ப்ராக்டர் ஆயிற்று. கிண்டல் செய்தவரின் பெயரைத் தங்கள் ஊர்ப் பலகையில் எழுதி வைத்த பெருந்தன்மையா, பழிக்குப் பழியா என்பதை அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறேன்.

தாது எங்கே, அடுப்பு எங்கே

யார்டுக்கு வருமுன் நாட்டின் அமைப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். மினசோட்டாவின் வடக்கே மெசாபி என்றொரு நீண்ட மேட்டுநிலம். ஓஜிப்வே மக்களின் மொழியில் பூதாகரமான மனிதனைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர். (ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு விதமாக அதை எழுத்துக்கூட்டியது தனிக் கதை.) இரும்பு அங்கே இருக்கிறது. அதை உருக்கத் தேவையான நிலக்கரியோ பென்சில்வேனியா பக்கம் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். அத்தனை தூரமும் ரயிலில் இழுத்தால் கட்டுப்படியாகாது. ஆனால் நடுவில் கடல் போன்ற ஏரிகள் வரிசையாகக் கிடக்கின்றன. நீர்வழி மலிவு. 1855இல் சூ என்ற இடத்தில், கப்பலை ஒரு நீர்மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றி இறக்கும் நீர்ப்பூட்டு திறந்ததும், சுப்பீரியர் ஏரியிலிருந்து கீழ் ஏரிகளுக்குக் கப்பல்கள் தடையின்றிப் போக வழி பிறந்தது. ஆக, ரயிலின் வேலை சுரங்கத்திலிருந்து ஏரிவரை மட்டும். சுமார் 100 கிலோமீட்டர்.

மெசாபியில் நல்ல தாது இருக்கிறதென்று விடாப்பிடியாக நம்பியவர்கள் டுலூத்தைச் சேர்ந்த மெரிட் குடும்பத்துச் சகோதரர்களும் அவர்கள் அண்ணன் தம்பி பிள்ளைகளும். காட்டில் மரம் மதிப்பிடும் தொழில் செய்தவர்கள். 1890 நவம்பர் 16 அன்று மவுண்டன் அயர்ன் என்று பின்னால் பெயர் பெற்ற இடத்தில் அவர்களுடைய ஆட்கள் தோண்டிய குழியில் தாது தட்டுப்பட்டது. பாறையைப் பிளந்து எடுக்கிற தாது அல்ல அது; மண்வெட்டியில் அள்ளலாம் போல மெத்தென்று செம்மண்ணாக இருந்தது. ஆழச் சுரங்கத்தில் உருண்டு புரண்டு பழகிய நிபுணர்கள் பலர் அதை இரும்பென்றே ஒப்பவில்லை.

இருந்த ரயில்வே கம்பெனிகள் அவர்களுக்குக் கிளைப்பாதை போட்டுத்தர முன்வரவில்லை. அதனால் 1891இல் மெரிட்டுகளே டுலூத், மிசாபி அண்ட் நார்தர்ன் என்று ஒரு ரயில்வேயைத் தொடங்கினார்கள். 1892 அக்டோபரில் முதல் தாது புறப்பட்டது. அப்போது அவர்களுக்குச் சொந்தத் துறை இல்லை. வேறொரு ரயில்வேயின் பாதையில் சேர்ந்து, வளைகுடாவுக்கு எதிரே விஸ்கான்சின் மாநிலத்துச் சுப்பீரியர் நகரத்தின் துறைக்குப் போனது. அடுத்த ஆண்டு, 1893இல், டுலூத்வரை சொந்தப் பாதையும் மரத்தாலான சொந்தத் துறைமேடையும் தயார். ப்ராக்டர் யார்டின் பிறப்பும் அந்தப் பாதையோடுதான்.

அதே 1893இல் அமெரிக்காவில் பெரும் நிதி நெருக்கடி. கடன் வாங்கிப் பாதை போட்டவர்கள் கழுத்தில் கயிறு இறுகியது. எண்ணெய் அதிபர் ஜான் டி. ராக்ஃபெல்லர் பணம் கொடுத்தார். கொஞ்ச காலத்தில் சுரங்கமும் ரயில்வேயும் அவர் கைக்குப் போயின. மெரிட்டுகள் வழக்குப் போட்டார்கள், கீழ்க்கோர்ட்டில் ஜெயித்தார்கள், மேல்முறையீட்டில் தீர்ப்பு ரத்தானது, 1897இல் 5,25,000 டாலருக்குச் சமரசம் ஆனது. 1901இல் ராக்ஃபெல்லர் எல்லாவற்றையும் புதிதாக உருவான யு.எஸ். ஸ்டீல் நிறுவனத்துக்கு விற்றார். கண்டுபிடித்தவர்களின் கையில் தாதுவின் சிவப்புச் சாயம் தவிர அதிகம் மிஞ்சவில்லை. இந்தப் பகுதியை இன்னும் விரிவாகச் சொல்ல ஆசைதான். ஆனால் நாம் யார்டுக்குப் போக வேண்டும்.

ஏன் மேட்டின்மேல்?

சுப்பீரியர் ஏரியின் நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 183 மீட்டர். ப்ராக்டர் அதற்கும் மேலே சுமார் 190 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டுலூத் நகரமே ஏரியை நோக்கிச் சரியும் குன்றின் மடிப்பில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கரையோரம் சமதளம் என்பது கைக்குட்டை அளவு. பல நூறு வேகன்களைப் பிரித்து நிறுத்த நீண்ட, தட்டையான நிலம் வேண்டும். அது குன்றின் உச்சியில்தான் கிடைத்தது. அதனால் யார்டு மேலே, துறை கீழே.

இடையில் இருக்கிற பாதையை ப்ராக்டர் ஹில் என்றே சொல்வார்கள். 100 மீட்டர் ஓடினால் 2.2 மீட்டர் இறக்கம். காரில் போகிறவருக்கு இது ஒன்றுமில்லை. எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தில் வழுக்கும் உலகத்திலோ இது செங்குத்து. ஒரு வேகனில் 50 டன் தாது, அப்படிப் பல பத்து வேகன்கள், ஆயிரக்கணக்கான டன் எடை முதுகில் தள்ளுகிறது. கீழே போய்ச் சேருமிடமோ தண்ணீருக்கு நடுவே முட்டுச்சந்தாக முடியும் ஒரு மேடை. இந்தச் சூழ்நிலையில் எஞ்சினின் முக்கிய வேலை இழுப்பதல்ல, பிடித்து நிறுத்துவது. இதுபோன்ற இறக்கங்களில், புறப்படுமுன் ஒவ்வொரு வேகனிலும் இருக்கும் சிறு வால்வு ஒன்றைத் திருப்பி வைப்பார்கள். ஓட்டுநர் பிரேக்கைத் தளர்த்தி மறுபடி காற்று நிரப்பிக்கொள்ளும் நேரத்திலும் சக்கரங்களின் மேல் பிடி முழுவதும் விட்டுப்போகாமல் அது பார்த்துக்கொள்ளும். ஒரு வால்வு, ஒரு திருப்பல். வேகன் வேகனாக நடந்து ஒருவர் கையால் செய்ய வேண்டிய காரியம்.

சுரங்கத்திலிருந்து ப்ராக்டர்வரை வருவது ஒரு வேலை, ப்ராக்டரிலிருந்து துறைக்கு இறங்குவது வேறொரு வேலை. எஞ்சின் வேறு, ஆட்கள் வேறு. இந்த இரண்டு வேலைகளுக்கும் நடுவில் ஒரு நிறுத்தம் எப்படியும் தேவை. அந்த நிறுத்தத்தில்தான் யார்டு தன் உண்மையான காரியத்தைச் செய்தது.

எடையும் ரசாயனமும்

ரயில் வந்தவுடன் முதலில் எடை. ப்ராக்டரில் வேகன்களைக் கழற்றாமலே, மெல்ல உருளவிட்டு, ஓடும்போதே ஒவ்வொன்றாக எடைபோடும் மேடை இருந்தது. ரயில்வேக்குக் கூலி டன் கணக்கில். நிலத்துக்காரருக்குப் பங்கும் டன் கணக்கில். எடையில் ஒரு சதவீதம் தவறினால் யாரோ ஒருவர் பையில் ஓட்டை.

அடுத்தது தரம். யார்டின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

நம் ஊர் நெல் மண்டியில் மூட்டைக்குள் குத்தூசியைச் செருகி, நாலு மணியை உள்ளங்கையில் போட்டுத் தேய்த்துப் பார்ப்பார்களே, அதுபோலச் சுரங்கத்தில் வேகனில் தாது நிரம்பியதும் மாதிரி எடுப்பார்கள். சில வேகன்களுக்கு ஒரு மாதிரி வீதம், மேற்பரப்பில் பல இடங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, பையில் கட்டி, சோதனைச்சாலைக்கு. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். தாதுவுக்கு அது பொருந்தாது. ஒரே சுரங்கத்தின் கிழக்கு ஓரமும் மேற்கு ஓரமும் ஒன்றுபோல இருக்காது. ஒரு ரயிலின் பத்தாவது வேகனும் இருபதாவது வேகனும் ஒன்றுபோல இருக்காது.

சோதனையில் என்ன பார்ப்பார்கள்? இரும்பு எத்தனை சதவீதம், பாஸ்பரஸ் எவ்வளவு, மணற்சத்தான சிலிக்கா எவ்வளவு, ஈரம் எவ்வளவு. பாஸ்பரஸ் மிக முக்கியம். அந்தக் காலத்தில் பெரும்பாலான எஃகு பெஸ்ஸமர் முறையில் தயாரானது. உருகிய இரும்புக்குள் காற்றை ஊதி அழுக்கை எரிப்பது அந்த முறை. ஆனால் அமெரிக்காவில் வழக்கத்தில் இருந்த அந்தக் கலனால் பாஸ்பரஸை மட்டும் நீக்க முடியாது. பாஸ்பரஸ் தங்கிவிட்டால் எஃகு குளிரில் நொறுங்கி உடையும். அதனால் 0.045 சதவீதத்துக்கு மேல் பாஸ்பரஸ் இல்லாத தாதுவுக்குத்தான் பெஸ்ஸமர் தாது என்ற பட்டமும் கூடுதல் விலையும். லட்சத்தில் நாற்பத்தைந்து பங்கு! கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாத இந்த வேறுபாட்டுக்காகத்தான் மலை மேல் அத்தனை தண்டவாளம்.

ரயில் சுரங்கத்தை விட்டுப் புறப்பட்டு உருண்டுகொண்டிருக்கும்போதே அதன் மாதிரிகள் சோதனைச்சாலையில் கரைந்துகொண்டிருக்கும். முடிவுகள் யார்டுக்கு வந்து சேரும். அங்கே ஒருவர் மேசையில் ஒரு பக்கம் வேகன் எண்களின் பட்டியல், மறு பக்கம் அவற்றின் சதவீதங்கள். மூன்றாவதாகத் துறைக்கு வரவிருக்கும் கப்பல்களின் பட்டியல்: இந்தக் கப்பலுக்கு இந்தத் தரம், இத்தனை டன்.

கணக்கு எப்படி என்று ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்து பார்ப்போம். மெசாபித் தாதுவுக்கு விலை பேசும்போது அடிப்படையாக வைத்தது, ஈரத்தோடு சேர்த்து 51.5 சதவீத இரும்பு. ஒரு கப்பலுக்கு 10,000 டன் அந்தத் தரத்தில் வேண்டும். யார்டில் 53 சதவீதத் தாது நூறு வேகன் நிற்கிறது. 50 சதவீதத் தாது நூறு வேகன் நிற்கிறது. இரண்டும் தனித்தனியே கேட்ட தரமில்லை. ஆனால் வேகனுக்கு 50 டன் வீதம் இரண்டையும் சரிபாதி கலந்தால் 10,000 டன், 51.5 சதவீதம். கணக்கு சரி. இப்போது இவற்றைக் கலப்பது எப்படி? கரண்டி போட்டுக் கிண்ட முடியாது. வேகன்களின் வரிசையை மாற்றித்தான் கலக்க வேண்டும்: இதில் ஒன்று, அதில் ஒன்று என்று கோத்துத் துறைக்கு அனுப்பினால், துறைத் தொட்டிகளில் ஒன்றின்மேல் ஒன்றாக விழும். கப்பலில் சரியும்போது இன்னும் கலக்கும். மறுகரையில் அள்ளும்போது மேலும் கலக்கும். உலைக்குப் போகும் நேரத்தில் எது எந்தச் சுரங்கத்துத் தாது என்று யாராலும் சொல்ல முடியாது.

நான் காட்டியது இரண்டே தரம். நிஜத்தில் பல சுரங்கங்கள், பல சொந்தக்காரர்கள், ஒவ்வொன்றிலும் பல தரம், நாலைந்து அளவுகோல்கள். இரும்பைச் சரிசெய்தால் பாஸ்பரஸ் ஏறும், அதைச் சரிசெய்தால் சிலிக்கா ஏறும். இத்தனையும் கம்ப்யூட்டர் இல்லாமல், பென்சிலும் தாளும் தொலைபேசியும் கொண்டு இரவும் பகலும் நடந்தது. ரயில்வே வரலாறு எழுதுகிறவர்கள் எஞ்சின்களைப் படம்பிடித்த அளவுக்கு இந்த மேசையைப் படம்பிடிக்கவில்லை என்பது என் குறை.

24 அடி என்ற எண்

கீழே துறைக்கு வருவோம். தாதுத்துறை சாதாரணத் துறைமேடை போல இருக்காது. பாலம் ஒன்று பாதியில் அறுந்து ஏரிக்குள் நீட்டிக்கொண்டு நிற்பதுபோல இருக்கும். உச்சியில் தண்டவாளங்கள். அடியில் வரிசையாகக் குதிர்கள். நெல் கொட்டி வைக்கும் குதிர்களைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை: மேல்வாயில் கொட்டுவது, கீழ்வாயில் எடுப்பது. வேகனின் அடிக்கதவைத் திறந்தால் தாது குதிரில் விழும். கப்பல் பக்கத்தில் வந்து நின்றதும், குதிரின் வாயில் கீல் வைத்துத் தூக்கி நிறுத்தியிருக்கும் நீளமான இரும்புச் சரிவைக் கப்பலின் மேல்தளத் திறப்புக்குள் இறக்குவார்கள். மீதி வேலையைப் புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும். பளு தூக்கி இல்லை, வாளி இல்லை. இந்த யோசனை டுலூத்தில் பிறந்ததல்ல. அதே ஏரியின் தென்கரையில் மார்க்கெட் என்ற ஊரில் 1850களின் இறுதியிலேயே குதிர் வைத்த துறை வந்துவிட்டது.

டுலூத்தில் இந்த ரயில்வே மொத்தம் ஆறு துறைகளைக் கட்டியது. முதல் நான்கும் மரம், காலப்போக்கில் பிரிக்கப்பட்டன. ஐந்தாவது 1914இல், ஆறாவது 1918இல், எஃகில் எழுந்தன. ஆறாம் துறையின் நீளம் 2,304 அடி. பக்கத்துக்கு 192 குதிர்கள், ஆக 384. இந்த எண்களை வகுத்துப் பாருங்கள். 2,304ஐ 192ஆல் வகுத்தால் 12. ஒவ்வொரு குதிரின் அகலமும் சரியாக 12 அடி.

தாது வேகனின் நீளம், கொக்கிக்குக் கொக்கி, 24 அடி. தாதுக் கப்பல்களின் மேல்தளத் திறப்புகள் பெரும்பாலும் 24 அடிக்கு ஒன்று. எல்லாம் பன்னிரண்டின் வாய்ப்பாடு. ரயிலைத் துறையின்மேல் நிறுத்தினால் ஒவ்வொரு வேகனின் வயிறும் ஒன்றுவிட்டு ஒரு குதிருக்கு நேராக அமையும். 12 அடி நகர்த்தினால் விட்டுப்போன குதிர்களுக்கு நேராக அமையும். கப்பலுக்கும் அதே ஏற்பாடு. வேகனை 26 அடியாகச் செய்திருந்தால் ஏழாவது வேகனிலேயே வயிறும் வாயும் ஒரு குதிர் தூரம் பிசகியிருக்கும்.

வேகன் குட்டையாக இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தாது கனம். நிலக்கரி ஏற்றும் நீள வேகனில் தாதுவை விளிம்புவரை நிரப்பினால் அச்சு முறிந்துவிடும்; அச்சு தாங்குமளவு நிரப்பினால் பாதி வேகன் காலியாக ஊர் சுற்றும். அதனால்தான் குள்ளமாக, அடி ஒடுங்கி, துருவும் தாதுத்தூசியும் ஒரே நிறமாகிப்போன இந்த வேகன்கள்.

யார்டும் துறையும் ஒத்துழைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு சாதனை இருக்கிறது. கரையோரமாகச் சற்று வடகிழக்கே டூ ஹார்பர்ஸ் என்ற ஊரில் சகோதர ரயில்வே ஒன்றின் துறை. 1921 செப்டம்பர் 7 அன்று அங்கே டி. ஜி. கெர் என்ற கப்பலில் 12,508 டன் தாதுவைப் பதினாறரை நிமிடத்தில் ஏற்றினார்கள். 50 டன் வேகன் கணக்கில் 250 வேகன் தாது. ஒரு கோப்பைக் காப்பி ஆறுவதற்குள் முடிந்த காரியம். ஆனால் அதற்காக எத்தனை குதிர்களை முன்கூட்டியே சரியான தாதுவால் நிரப்பி வைத்திருக்க வேண்டும், அதற்கு முன் எத்தனை வேகன்களை மேலே பிரித்துக் கோத்திருக்க வேண்டும் என்பதைக் கடிகாரம் காட்டாது.

அந்தச் சகோதர ரயில்வேதான் டுலூத் அண்ட் அயர்ன் ரேஞ்ச். 1884இலேயே தாது இறக்கத் தொடங்கியது. இரண்டும் 1930களின் இறுதியில் இணைந்து டுலூத், மிசாபி அண்ட் அயர்ன் ரேஞ்ச் ஆயின. இனி சுருக்கமாக மிசாபி ரயில்வே என்றே சொல்கிறேன்.

பனி என்ற எதிரி

சுப்பீரியர் ஏரி குளிர்காலத்தில் உறைகிறது, நீர்ப்பூட்டையும் மூடிவிடுவார்கள். ஆக, அந்தக் காலத்தில் ஆண்டின் தாது முழுவதையும் ஏப்ரலுக்கும் டிசம்பர் தொடக்கத்துக்கும் இடையே ஏற்றி முடிக்க வேண்டியிருந்தது. மெசாபித் தாதுவில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் ஈரம் உண்டு. நவம்பரில் சுரங்கத்தில் ஈரமண்ணாக ஏறிய தாது, யார்டில் ஓரிரவு நின்றால் விடியும்போது 50 டன் ஒற்றைக் கட்டி. அடிக்கதவைத் திறந்தால் ஒரு பிடி விழாது.

அதற்கு வைத்தியம் நீராவி. வேகனுக்குள் குழாய்களைச் செருகி நீராவி பாய்ச்சி இளக்குவார்கள். பிறகும் ஒட்டிக்கொண்டிருப்பதை நீளமான கழிகளால் குத்தி விழவைக்க ஆட்கள் உண்டு. தண்ணீருக்கு மேல் இருபது மீட்டருக்கும் அதிகமான உயரத்தில், ஏரிக்காற்றில், பனி படிந்த பலகைமேல் நின்று, வேகனுக்குள் கழி குத்துகிற வேலை. சிவப்புத் தூசி துணியில் ஏறினால் துவைத்தாலும் போகாது. காலியான வேகன்கள் மறுபடி மேட்டுக்கு ஏறும். அடுத்த இறக்கம் தொடங்கும். ப்ராக்டர் பள்ளியின் விளையாட்டு அணிகளுக்கு இன்றும் ரெயில்ஸ் என்றுதான் பெயர். எந்த வேலையால் ஊர் சாப்பிட்டது என்பதில் அங்கே யாருக்கும் குழப்பம் இல்லை.

பெரிய எஞ்சின்கள், பெரிய ஆண்டுகள்

இரண்டாம் உலகப்போர் வந்தது. டாங்கியும் கப்பலும் எஃகு கேட்டன. எஃகு தாது கேட்டது. 1941இலும் 1943இலுமாக மிசாபி ரயில்வே பால்ட்வின் தொழிற்சாலையிலிருந்து 18 நீராவி எஞ்சின்களை வாங்கியது. யெல்லோஸ்டோன் என்ற வகை. தண்ணீர்-நிலக்கரி வண்டியோடு சேர்த்து 38 மீட்டருக்கு மேல் நீளம், 500 டன்னுக்கு மேல் எடை. சுரங்கத்திலிருந்து ப்ராக்டர்வரை 180, 190 வேகன்களை ஒரே மூச்சில் இழுத்து வந்தன. 24 அடி வீதம் 190 வேகன் என்றால் ஒன்றரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அத்தனையும் வந்து நிற்க யார்டின் தண்டவாளம் எவ்வளவு நீளம் வேண்டுமென்று பார்த்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் ஏரி உறைந்து இந்த எஞ்சின்கள் சும்மா நின்றபோது, போர்க்காலத்தில் சிலவற்றைக் கொலராடோ மலைப்பாதை ரயில்வேக்கு இரவல் கொடுத்தார்கள்.

யார்டுக்குள்ளும் இறக்கத்திலும் வேறு ரகம். 1949இல் பிட்ஸ்பர்க் பக்கத்து யூனியன் ரயில்வேயிடமிருந்து பத்துச் சக்கரமும் நேரே இழுக்கும் குட்டை முரட்டு எஞ்சின்கள் ஒன்பது வந்து ப்ராக்டரில் வேலை செய்தன. வேகம் அவற்றுக்குத் தேவையில்லை, பிடி போதும்.

1953தான் உச்சம். அந்த ஓராண்டில் மிசாபி ரயில்வே சுமார் 4.9 கோடி டன் தாதுவை ஏரிக்கு இறக்கியது. அதற்குப் பிறகு அந்த எண்ணை அது எட்டவில்லை.

உருண்டைகள் வந்தன

மண்வெட்டியில் அள்ளக்கூடிய அந்தச் செந்தாது தீராதது அல்ல. போர் அதை வேகமாகத் தின்றது. மிச்சம் இருந்தது டாகனைட் என்ற கடும்பாறை. அதில் இரும்பு கால் பங்கு அல்லது அதற்குச் சற்று அதிகம். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் டேவிஸ் என்ற பேராசிரியர் பல பத்தாண்டுகளாக இந்தப் பாறையோடு மல்லுக்கட்டினார். பாறையை மாவாக அரைத்து, காந்தத்தால் இரும்பைப் பிரித்து, களிமண் சேர்த்துச் சிறு உருண்டையாக்கி, உலையில் சுட்டெடுப்பது என்று வழி கிடைத்தது. கோலிக்குண்டைவிடச் சின்னது, இரும்பு சுமார் 65 சதவீதம். 1950களின் நடுவில் பெரிய ஆலைகள் ஓடத் தொடங்கின, யு.எஸ். ஸ்டீலின் மின்டாக் ஆலை 1967இல் மவுண்டன் அயர்னிலேயே வந்தது, மெரிட்டுகளின் ஆட்கள் முதல் குழி தோண்டிய அதே ஊர்.

உருண்டை வந்ததும் யார்டுக்கு என்ன ஆயிற்று? இதுவரை படித்தவர்களே சொல்லிவிடலாம். கலப்பு வேலை ஆலைக்குள் போய்விட்டது. அரைத்து, பிரித்து, சுட்டு வரும் உருண்டையில் பத்தாவது வேகனுக்கும் இருபதாவது வேகனுக்கும் வேறுபாடு கிடையாது. இப்போதுதான் அந்தப் பானைச் சோற்றுப் பழமொழி தாதுவுக்குப் பொருந்துகிறது! ஒவ்வொரு வேகனுக்கும் சதவீதம் எழுதிய பட்டியலோ, இதில் ஒன்று அதில் ஒன்று என்று கோப்பதோ தேவையில்லை. சுட்டெடுத்த பொருளில் ஈரமும் குறைவு என்பதால் நீராவிக் குழாய்க்கும் கழி குத்துகிறவர்களுக்கும் வேலை குறைந்தது. ஒரே ஆலை, ஒரே சரக்கு, ஒரே ரயில், ஒரே கப்பல் என்றான பிறகு நடுவில் இருந்த பெரிய மூளைக்குச் செய்ய அதிகம் இல்லை. அதன் தண்டவாளங்களுக்கு மட்டும் வேலை மிஞ்சியது.

மிசாபி ரயில்வே கைமாறிக் கைமாறி 2004இல் கனடியன் நேஷனல் நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்தது. 225ஆம் எண் யெல்லோஸ்டோன் எஞ்சின் ப்ராக்டரில் நெடுஞ்சாலை ஓரம் நிற்கிறது. அதன் உடன்பிறப்புகளில் இன்னும் இரண்டுதான் மிச்சம், ஒன்று டுலூத் அருங்காட்சியகத்தில், மற்றது டூ ஹார்பர்ஸில். ஆறாம் துறை இன்னும் கப்பல் ஏற்றுகிறது.

வேகன்களும் ஓடுகின்றன. உருண்டை பழைய செந்தாதுவைவிட இலேசு. அதே கனத்தை ஏற்ற இடம் அதிகம் வேண்டும். புதிதாக நீள வேகன் செய்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். ஆனால் கீழே குதிர்கள் 12 அடியில் நின்றன. ஆகவே வேகனை நீட்டவில்லை. பக்கச் சுவர்களுக்கு மேல் தகடு ஒட்டவைத்து உயரத்தைக் கூட்டினார்கள். நாலு நாலு வேகன்களாகக் கொக்கிக்குப் பதில் நிரந்தரக் கம்பியால் பிணைத்தார்கள். நீளம் மட்டும் அதே 24 அடி.